ஜிங்க் கைப்பிடியும் மலிவுத் துப்பாக்கியும்

(கோவையில் உற்பத்திப் பொறியியல் மாணவர்களிடையே ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



உள்ளே நுழையும்போதே ஒரு தம்பி மடக்கிக் கேட்டார்: “சார், நீங்க துப்பாக்கி வெச்சிருக்கீங்களா?” இல்லைங்க தம்பி. வாழ்நாளில் ஒரு ரவைகூடச் சுட்டதில்லை. தீபாவளிக்குக் கேப் வெடித்ததோடு சரி. நான் வார்ப்படக்காரன். முப்பத்திரண்டு வருடம் இங்கே கோவை கணபதியில் ஒரு சின்னப் பட்டறையில் பிரஷர் டை காஸ்டிங் மெஷினோடு மல்லுக்கட்டியவன். ஜன்னல் கைப்பிடி, தாழ்ப்பாள், பெல்ட் பக்கிள், கார்புரேட்டர் உடல் என்று ஜிங்கில் எதையெல்லாம் வார்க்க முடியுமோ அதையெல்லாம் வார்த்திருக்கிறேன். அப்படிப்பட்டவன் அமெரிக்கத் துப்பாக்கியைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன் என்றால் அதற்குக் காரணம் இந்தக் கைப்பிடிதான்.

இதை முன்வரிசையில் கொடுக்கிறேன். பார்த்துவிட்டுப் பின்னால் அனுப்புங்கள். உடைந்த கைப்பிடி, விளிம்பு கையைக் கிழிக்கும், பார்த்துப் பிடியுங்கள். பக்கவாட்டில் மயிரிழை போல ஒரு கோடு ஓடுகிறதா? டை என்கிற அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த இடம் அது. உடைந்த முகத்தில் பாதிக் கடுகு அளவுக்குக் குழிகள் தெரியும். உருகிய ஜிங்கை வேகமாக உள்ளே தள்ளும்போது அகப்பட்டுக்கொண்ட காற்று. நாங்கள் ப்ளோ ஹோல் என்போம். வெளியே குரோம் பூச்சு இன்னும் முகம் பார்க்கிற மாதிரி இருக்கிறது, கவனித்தீர்களா?

இது நான் வார்த்தது. ஒரு வீடு கட்டும் நிறுவனத்துக்கு 4,000 கைப்பிடி கொடுத்தேன். அனுப்பும்போது ஒவ்வொன்றையும் துணியால் துடைத்து, ஆட்டிப் பார்த்து, அட்டைப்பெட்டியில் வைத்தோம். ஒன்றுகூட உடையவில்லை. எட்டு மாதம் கழித்து மூட்டை மூட்டையாகத் திரும்பி வந்தன. சிலது கையில் எடுத்தபோதே மண்கட்டி மாதிரி உதிர்ந்தது. தப்பு என்னுடையதுதான். அந்த மாதம் கையில் பணமில்லை, மலிவாகக் கிடைத்த ஸ்க்ராப் பாளத்தைக் கலந்துவிட்டேன். அதில் ஈயம் இருந்திருக்கிறது.

நாங்கள் வார்க்கிற உலோகத்துக்கு ஜமாக் என்று பெயர். ஜிங்க், அலுமினியம், மெக்னீசியம், தாமிரம் நான்குக்கும் ஜெர்மன் மொழியில் உள்ள பெயர்களின் முதலெழுத்தைச் சேர்த்து வைத்த பெயர். நியூ ஜெர்சி ஜிங்க் கம்பெனி 1929-ல் கொண்டுவந்தது. அதற்கு முன்னால் வார்த்த ஜிங்க் பொம்மைக் கார்களைச் சேகரிக்கிறவர்களிடம் கேட்டுப் பாருங்கள். அலமாரியில் சும்மா வைத்திருந்தாலே விரிசல் விட்டுப் பொடியாகும். காரணம் இதே ஈயம். அதனால்தான் ஜமாக்கில் ஈயம் 0.005 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்பார்கள். இருபதாயிரத்தில் ஒரு பங்கு. நல்ல சரக்குக்கும் கெட்ட சரக்குக்கும் நடுவில் அவ்வளவுதான் இடைவெளி. அது கண்ணுக்கும் தெரியாது, கைக்கும் தெரியாது, முதல் நாள் சோதனையிலும் சிக்காது.

இதே உலோகத்தில் துப்பாக்கி செய்தார்கள் என்று முதன்முதலில் படித்தபோது, உண்மையைச் சொல்கிறேன், எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

கதை 1968-ல் தொடங்குகிறது. அந்த ஏப்ரலில் மார்ட்டின் லூதர் கிங் கொல்லப்பட்டார், ஜூனில் ராபர்ட் கென்னடி. ராபர்ட் கென்னடியைச் சுட்டது ஐவர் ஜான்சன் நிறுவனத்தின் சின்ன .22 ரிவால்வர், விலை குறைந்த சரக்கு. அந்த வருடமே அமெரிக்க நாடாளுமன்றம் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்தது. வெளிநாட்டிலிருந்து வந்து குவிந்த குட்டித் துப்பாக்கிகளை அது தடுத்தது. ‘சாட்டர்டே நைட் ஸ்பெஷல்’ என்பது அவற்றுக்கு அந்த ஊரில் இருந்த பட்டப்பெயர். சனிக்கிழமை இரவுச் சண்டைக்கு வாங்குகிற சாமான் என்ற இளக்காரம் அதில் இருக்கிறது. யாரைப் பார்த்து அந்த இளக்காரம் என்பதும் கேட்கிற கேள்விதான். பிறகு வருகிறேன்.

தடுப்பதற்கு ஒரு மதிப்பெண் பட்டியல் போட்டார்கள். நீளத்துக்கு இத்தனை, எடைக்கு இத்தனை, தோட்டாவின் பருமனுக்கு இத்தனை, எஃகு உடலுக்கு இத்தனை, குறிபார்க்கும் அமைப்புக்கு இத்தனை. பிஸ்டல் 75 மதிப்பெண் எடுத்தால் பாஸ், ரிவால்வருக்கு 45 போதும். இத்தனை உயரமாவது இருக்க வேண்டும் என்ற நிபந்தனை வேறு. இதில் வேடிக்கை என்னவென்றால், ஜேம்ஸ் பாண்டு கையில் பார்த்தோமே, வால்தர் பிபிகே, அது ஃபெயிலாகிவிட்டது. நாலு அங்குல உயரத்துக்கு ஓரிரு மில்லிமீட்டர் குறைவு. ஜெர்மன்காரர்கள் அலட்டிக்கொள்ளவில்லை. பெரிய அண்ணனான பிபி மாடலின் உடம்பில் பிபிகேயின் மேல்பாகத்தை மாட்டி, பிபிகே/எஸ் என்று பெயர் வைத்து அனுப்பிவிட்டார்கள். தரம் கூடியதா குறைந்ததா? அப்படியேதான் இருந்தது. உயரம் கூடியது, அவ்வளவே.

இன்னொரு ஓட்டை இதைவிடப் பெரியது. இந்த மதிப்பெண் எல்லாம் இறக்குமதிக்கு மட்டும். உள்நாட்டில் செய்தால் கேட்பாரில்லை. லாஸ் ஏஞ்சலிஸ் பக்கம் ஜார்ஜ் ஜென்னிங்ஸ் என்று ஒருவர், விமான உதிரிபாகம் கடைந்து கொடுத்துக்கொண்டிருந்தவர். விலை குறைந்த சரக்கு வருவது நின்றுபோச்சே என்று அடகுக்கடை வைத்திருந்த நண்பர் புலம்பினாராம். இவர் 1970-ல் ரேவன் ஆர்ம்ஸ் என்று கம்பெனி தொடங்கி, எம்பி-25 என்ற பிஸ்டலை வார்த்துக் கொடுத்தார். உடம்பும் மேல் ஸ்லைடும் ஜமாக். குழல் மட்டும் எஃகு. கால் அங்குலத் தோட்டா. சட்டைப்பையில் அடங்கும். நம்மூர்க்காரர்களுக்கு இது புதிதில்லை. ஒரு டை, ஒரு மெஷின், பிசிறு சீவ நாலு பேர், குரோம் பூச்சுக்கு வெளிவேலை. எந்தப் பொருளானாலும் கணக்கு ஒன்றுதான்.

வியாபாரம் பிய்த்துக்கொண்டு போனது. மகன் ஒரு கம்பெனி, மருமகன் ஒரு கம்பெனி, மகனுடைய பள்ளித் தோழர் ஒரு கம்பெனி. ஜென்னிங்ஸ், பிரைகோ, டேவிஸ், லார்சின் என்று லாஸ் ஏஞ்சலிஸைச் சுற்றி வளையம் மாதிரி வந்துவிட்டன. கலிஃபோர்னியாவில் கேரன் வின்ட்மியூட் என்ற மருத்துவர், அவசர சிகிச்சைப் பிரிவில் சுடப்பட்டு வருகிறவர்களைப் பார்த்துச் சலித்தவர், 1994-ல் இந்தக் கம்பெனிகளைப் பற்றி ஒரு புத்தகமே எழுதி ‘நெருப்பு வளையம்’ என்று பெயர் வைத்தார். 1992-ல் அமெரிக்காவில் செய்த கைத்துப்பாக்கிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று இந்த வளையத்துக்குள்ளிருந்து வந்தது.

சரி, இவை மட்டமான சரக்கா? நம் ஆட்கள் உடனே “ஆமாம், ஜிங்க்தானே” என்பார்கள். பொறுங்கள். எதற்கு மட்டம் என்று கேட்க வேண்டும்.

இரண்டாம் உலகப் போரின்போது, 1942-ல், ஜெனரல் மோட்டார்ஸின் விளக்குத் தொழிற்சாலை ஒன்றில், இண்டியானா மாநிலம் ஆண்டர்சனில், லிபரேட்டர் என்ற கைத்துப்பாக்கியைச் சில மாதத்துக்குள் பத்து லட்சம் செய்தார்கள். தகட்டை அடித்து வளைத்தது. விலை இரண்டு டாலருக்குச் சற்று மேல். ஒரே ஒரு தோட்டா போடலாம். சுட்டபின் காலி உறையை வெளியே தள்ள ஒரு மரக்குச்சியைக் கூடவே கொடுத்தார்கள்! எந்த மொழிக்காரனுக்கும் புரியட்டும் என்று எழுத்தே இல்லாத படத்தாள் ஒன்று. பகைவர் பிடித்துவைத்த நாட்டில் ஒளிந்திருப்பவன், காவல் நிற்கும் சிப்பாயை நாலடி தூரத்தில் சுட்டு, அவனுடைய நல்ல துப்பாக்கியை எடுத்துக்கொள்ள வேண்டும். வேலை முடிந்தது. அந்த வேலைக்கு அது மட்டமில்லை. அதையே ஒரு போலீஸ்காரர் இடுப்பில் செருகி இருபது வருடம் வேலை பார்க்கச் சொன்னால் மட்டம்.

இதற்கு எதிர்க்கோடியில் 1911-ஐச் சொல்ல வேண்டும். அந்த மார்ச்சில் அமெரிக்க ராணுவம் கோல்ட், சாவேஜ் என்ற இரு கம்பெனிகளின் பிஸ்டல்களை எடுத்து ஒவ்வொன்றிலும் 6,000 ரவை சுட்டது. துப்பாக்கி சூடேறினால் தண்ணீரில் முக்கி ஆறவைத்து மறுபடி சுட்டார்கள். சாவேஜ் 37 தடவை முரண்டு பிடித்தது. கோல்ட் ஒரு தடவைகூட இல்லை. கோல்ட்டைத் தேர்ந்தெடுத்தார்கள். எழுபது வருடத்துக்கு மேல் அதுதான் அவர்கள் ராணுவத்தின் கைத்துப்பாக்கி. சோதனை என்றால் அது சோதனை.

ஆனால் 150 டாலர் பிஸ்டல் வாங்குகிறவர் 6,000 ரவை சுடமாட்டார். பொதுவாக அங்கே சொல்கிற யோசனை இது: வாங்கியதும் 200 ரவை சுட்டுப் பார், சிக்காமல் ஓடினால் நம்பலாம். இந்த யோசனையில் ஒரு கணக்குத் தப்பு இருக்கிறது. புள்ளியியல் படித்தவர்கள் கையை உயர்த்துங்கள். பரவாயில்லை, நாலைந்து பேர் இருக்கிறீர்கள். 200 முறை தவறாமல் ஓடியது என்றால், தவறும் விகிதம் பூஜ்யம் என்று பொருளில்லை. மூன்றை 200-ஆல் வகுங்கள். 1.5 சதவீதம் வரை இருந்தாலும் இருக்கலாம் என்பதுதான் 95 சதவீத உறுதியோடு சொல்ல முடிந்தது. ரவைக்கு 1.5 சதவீதம் என்றால் கேட்கச் சின்னதாக இருக்கிறது. ஏழு ரவை கொண்ட மேகசினுக்கு அது பத்து சதவீதம். பத்தில் ஒரு மேகசின் நடுவழியில் நிற்கலாம். 200 ரவை சுத்தமாக ஓடிய துப்பாக்கியைப் பற்றி இதற்கு மேல் யாரும் சத்தியம் செய்ய முடியாது.

அதிலும் ஒரு கொடுமை. ஐம்பது தோட்டாப் பெட்டி பதினைந்து டாலர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 200 ரவைக்கு அறுபது டாலர். 600 டாலர் துப்பாக்கி வாங்கியவருக்கு அது பத்தில் ஒரு பங்கு. 150 டாலர்க்காரருக்குப் பாதியை நெருங்கும். ஆக, எந்தத் துப்பாக்கியை அதிகமாகச் சோதிக்க வேண்டுமோ அதை வாங்குகிறவரிடம்தான் சோதிக்கக் காசில்லை. ஒரு பெட்டி வாங்கி, அரைப்பெட்டி சுட்டு, மீதியோடு மேசை இழுப்பறைக்குள் வைத்துவிடுவார். பத்து வருடம் அது அங்கேயே கிடக்கும்.

சிக்கிக்கொள்வது எங்கே என்றால், பெரும்பாலும் மேகசினில். தோட்டாக்களை அடுக்கி மேலே தள்ளும் தகர உறைதான் அது. அதன் வாய் மடிப்பு அரை மில்லிமீட்டர் விரிந்தால் தோட்டா மூக்கு நிமிர்ந்து முட்டும். துப்பாக்கியிலேயே குறைந்த செலவில் ஆகிற பாகம், அதிகம் மானத்தை வாங்குவதும் அதுதான். இதைப் பற்றி அரை நாள் பேசலாம், ஆனால் விட்டுவிடுகிறேன். ஏனென்றால் இதுவரை சொன்னது முழுக்க ஒரே வகைத் தோல்வி: சுட வேண்டும் என்றபோது சுடாமல் போவது.

இன்னொரு வகை இருக்கிறது. சுடக்கூடாத நேரத்தில் சுட்டுவிடுவது. கீழே விழுந்தால் வெடிப்பது, விசையைத் தொடாமலே வெடிப்பது, காலி என்று நினைத்தபோது உள்ளே ஒன்று இருப்பது.

முதல் தோல்வி வாங்கியவருக்குத் தெரியும். கோபம் வரும், கடைக்குக் கொண்டுபோவார், ஊரெல்லாம் திட்டுவார். அதனால் கம்பெனி என்றாவது திருத்திக்கொள்ளும். இரண்டாவது தோல்வியை ஆயிரம் ரவை சுட்டாலும் பார்க்க முடியாது. அது நடக்கும்போது பெரும்பாலும் அடிபடுவது வாங்கியவர் இல்லை, பக்கத்து அறையில் படுத்திருப்பவர். நான் இன்று சொல்ல வந்ததே இந்த ஒன்றைத்தான். மலிவுத் துப்பாக்கி நல்லதா என்று வாங்குகிறவர் கேட்கும்போது அவர் முதல் வகையை மட்டும் கேட்கிறார். இரண்டாவதைக் கேட்க அங்கே ஆளில்லை.

விலையைக் கொடுத்தால் அந்தப் பாதுகாப்பு தானாக வரும் என்கிறீர்களா? 1873-ல் வந்த கோல்ட் ரிவால்வரை எடுத்துக்கொள்ளுங்கள். கௌபாய் படங்களில் எல்லாம் வருமே, அதுதான். ஆறு தோட்டா போடலாம், ஆனால் விவரம் தெரிந்தவர்கள் ஐந்துதான் போடுவார்கள். தோட்டாவை அடித்து வெடிக்கவைக்கும் சுத்தியலுக்கு நேர் கீழே உள்ள அறையைக் காலியாக விடுவார்கள். ஏனென்றால் சுத்தியல் மேல் ஒரு அடி பட்டால் ஊசி தோட்டாவைத் தட்டிவிடும். அந்தக் காலத்தில் நல்ல விலை கொடுத்து வாங்கிய சாமான் அது.

அந்த நூற்றாண்டின் கடைசியில், மாசசூசெட்ஸின் ஃபிட்ச்பர்க்கில், முன்னே சொன்ன அதே ஐவர் ஜான்சன் கம்பெனி, மலிவு ரிவால்வர் செய்தவர்கள், சுத்தியலுக்கும் ஊசிக்கும் நடுவில் ஒரு சின்ன எஃகுத் துண்டை வைத்தார்கள். விசையை முழுக்க இழுத்தால்தான் அந்தத் துண்டு மேலே வந்து அடியைக் கடத்தும். இழுக்காவிட்டால் சுத்தியல் ஊசியைத் தொடவே தொடாது. விளம்பரத்தில் என்ன போட்டார்கள் தெரியுமா? தோட்டா போட்ட ரிவால்வரின் சுத்தியல் மேல் நிஜச் சுத்தியலால் ஓங்கி அடிக்கிற படம்! “சுத்தியலைச் சுத்தியலால் அடி” என்பதுதான் அவர்கள் கோஷம். 1901-ல் குடியரசுத் தலைவர் மெக்கின்லியைச் சுட்டவன் கையில் இருந்ததும் இந்தக் கம்பெனிச் சரக்குதான், நாலரை டாலர். கொலைகாரன் வாங்கினான் என்பதற்காக அந்த எஃகுத் துண்டின் அருமை குறைந்துவிடாது.

கௌபாய் பாணி ரிவால்வர்களை இருபதாம் நூற்றாண்டில் விற்றுப் பேர் வாங்கிய ரூகர் கம்பெனி அவற்றில் இதே துண்டை 1973-ல்தான் வைத்தது. அதற்கு முன் விற்றவற்றுக்கு இன்றும் இலவசமாக மாட்டித் தருகிறார்கள். ஏழைச் சரக்கில் வந்தது பணக்காரச் சரக்குக்கு வந்து சேர முக்கால் நூற்றாண்டு.

பழைய கதை என்று தள்ளாதீர்கள். 2017 ஜனவரியில் அமெரிக்க ராணுவம் சிக் சவர் கம்பெனியின் பி320 மாடலைத் தன் புதிய கைத்துப்பாக்கியாகத் தேர்ந்தெடுத்தது. கடையில் அப்போது 500, 600 டாலர் விற்ற சாமான். அந்த ஆகஸ்டிலேயே, பின்பக்கம் சாய்ந்தவாறு ஒரு குறிப்பிட்ட கோணத்தில் கீழே விழுந்தால் வெடிக்கிறது என்று வெளியில் இருந்த சிலர் வீடியோ எடுத்துக் காட்டிவிட்டார்கள். விசையின் எடைதான் காரணம். துப்பாக்கி தரையில் மோதி நின்றாலும், கனமான விசை தன் வேகத்தில் பின்னால் போகிறது. கம்பெனி இலவசமாக எடை குறைந்த விசையை மாற்றிக் கொடுத்தது. வழக்கமான விழுதல் சோதனைகளில் எல்லாம் பாஸான துப்பாக்கி அது. சோதனையில் தலைகீழாகப் போட்டார்கள், பக்கவாட்டில் போட்டார்கள், நேராகப் போட்டார்கள். சாய்த்துப் போடவில்லை.

இந்த விழுதல் சோதனையைக் கட்டாயமாக்கிய மாநிலங்களில் ஒன்று கலிஃபோர்னியா. நெருப்பு வளையம் அங்கேதானே இருந்தது. 1999-ல் சட்டம் போட்டு, 2001 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. ஒரு மாடலுக்கு மூன்று துப்பாக்கி. ஒரு மீட்டர் ஒரு சென்டிமீட்டர் உயரத்திலிருந்து கான்கிரீட் மேல் ஆறு வாக்கில் போட வேண்டும், வெடிக்கக்கூடாது. பிறகு 600 ரவை. முதல் 20-ல் ஒரு சிக்கலும் கூடாது, மொத்தத்தில் ஆறுக்கு மேல் கூடாது. நூற்றுக்கு ஒன்று தவறினாலும் பாஸ் என்று பொருள். 1911-ன் கோல்ட்டை நினைத்துக்கொண்டு பார்த்தால் தாராளமான மதிப்பெண். ஆனாலும் எனக்கு இந்தச் சட்டம் பிடித்திருக்கிறது. ஏனென்றால் இது உலோகத்தையும் விலையையும் கேட்கவில்லை. விழுந்தால் வெடிக்கிறாயா, சுட்டால் ஓடுகிறாயா என்று துப்பாக்கியையே கேட்கிறது.

மற்ற மாநிலங்கள் சில என்ன செய்தன என்று கேட்டால் வார்ப்படக்காரனுக்குச் சிரிப்பு வரும். உருகுநிலைச் சட்டம்! இலினாயில் 800 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே உருகும் ஜிங்க் வார்ப்பில் உடலோ குழலோ ஸ்லைடோ செய்திருந்தால் கடையில் விற்கக்கூடாது. நம் கணக்கில் 427 டிகிரி. ஜமாக் 385 டிகிரிக்குப் பக்கத்தில் உருகும். ஆக ஃபெயில். மின்னசோட்டா இன்னும் மேலே போய் 1,000 டிகிரி என்றது. எந்தப் புண்ணியவான் கைத்துப்பாக்கியை 400 டிகிரிக்குச் சூடாக்கிச் சுடப்போகிறான்? கை வெந்துவிடாதா? உருகுநிலைக்கும் நம்பகத்துக்கும் நேர்த்தொடர்பு கிடையாது. பிளாஸ்டிக் உடம்பு இதைவிடச் சீக்கிரம் இளகும், ஆனால் இலினாய்ச் சட்டம் உலோகத்தைப் பற்றித்தான் பேசுகிறது. அதனால் உயர்ந்த விலைப் பிளாஸ்டிக் துப்பாக்கி அங்கே தப்பித்துக்கொள்ளும்.

அளந்தது உருகுநிலையை இல்லை. விலையை அளக்க ஒரு கௌரவமான வழி கண்டுபிடித்தார்கள். இதற்கும் ஒரு பாட்டன் உண்டு. 1879-ல் டென்னிசி மாநிலம், ராணுவமும் கடற்படையும் பயன்படுத்தும் மாதிரித் துப்பாக்கிகளைத் தவிர வேறு கைத்துப்பாக்கி விற்கக்கூடாது என்றது. அந்தப் பெரிய துப்பாக்கிகளுக்கு விலை அதிகம். உள்நாட்டுப் போர் முடிந்து பதினான்கு வருடம். போரிலிருந்து திரும்பிய வெள்ளைக்காரர் பலரிடம் அவை ஏற்கெனவே இருந்தன. விடுதலையான கறுப்பின மக்கள் பெரும்பாலோரிடம் இல்லை. சட்டத்தில் ‘கறுப்பர்’ என்ற சொல் எங்கும் வரவேண்டிய அவசியமே இருக்கவில்லை. சனிக்கிழமை இளக்காரம் யாரைப் பார்த்து என்று கேட்டேனே, இதை வைத்து யோசித்துக்கொள்ளுங்கள். இரவுப் பணி முடிந்து தனியாக வீட்டுக்குப் போகிற ஒரு பெண்ணிடம் 150 டாலர்தான் இருக்கிறது என்றால், அவளுக்குத் துப்பாக்கி வேண்டுமா என்பது ஒரு விவாதம். வேண்டும் என்று ஒரு நாடு முடிவு செய்துவிட்டபின், உனக்கு மட்டும் வேண்டாம் என்பதற்கு உருகுநிலையைக் காட்டக்கூடாது.

(நம் நாட்டில் இந்தப் பேச்சே எழாது. கான்பூரில் 2014-ல் பெண்களுக்கென்று செய்த நிர்பீக் ரிவால்வர் அப்போது ஒரு லட்சத்து இருபத்திரண்டாயிரம் ரூபாய். உரிமத்துக்கு அலைவது தனி.)

ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் இன்னொரு வழி இருக்கிறது, நம்மவர்களுக்குப் பிடிக்கும். விற்கும் முன் ஒவ்வொரு துப்பாக்கியையும் அரசு அங்கீகரித்த சோதனைக்கூடத்தில் சுட்டுப் பார்ப்பார்கள். கைத்துப்பாக்கிக்கு வழக்கமான உச்ச அழுத்தத்தைவிட 30 சதவீதம் கூடுதலான தோட்டா. தாங்கினால் முத்திரை. பர்மிங்காமில் 1813 முதல் இது நடக்கிறது. அமெரிக்காவில் இப்படிக் கட்டாய முத்திரை கிடையாது. இன்னொன்று சொன்னால் நம்பமாட்டீர்கள்: நுகர்வோர் பொருள்களின் பாதுகாப்பைப் பார்க்க அங்கே 1972-ல் ஓர் ஆணையம் வைத்தார்கள். பொம்மைத் துப்பாக்கி அதன் அதிகாரத்துக்குள் வரும். நிஜத் துப்பாக்கி வராது.

என் மகள் ஒகையோவில் இருக்கிறாள். போன இடத்தில் மருமகப்பிள்ளையிடம் சொல்லி ஒரு துப்பாக்கிக் கடைக்குப் போனேன். அந்த மாநிலத்திலேயே செய்கிற ஹை-பாயிண்ட் என்ற பிராண்டைப் பார்க்க ஆசை. நெருப்பு வளையத்துக்குப் பின்னால் வந்த ஜமாக் பிஸ்டல், அப்போது 200 டாலருக்குள். டூரிஸ்ட் விசாவில் வந்தவன் தொடலாமா கூடாதா என்று பயம், அதனால் கவுண்டர் மேல் வைத்துக் காட்டச் சொல்லிக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து பார்த்தேன். கடைக்காரர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

அசிங்கமான துப்பாக்கி. மேலே உள்ள ஸ்லைடு செங்கல் மாதிரி. ஆனால் அந்த அசிங்கத்துக்குக் காரணம் இருக்கிறது. விலை கூடிய 9 மில்லிமீட்டர் பிஸ்டல்களில், ரவை வெளியேறும்வரை குழலும் ஸ்லைடும் பூட்டிக்கொண்டிருக்கும். அந்தப் பூட்டைக் கடைவதுதான் செலவு. ஹை-பாயிண்ட்டில் பூட்டே இல்லை. ஸ்லைடின் எடைதான் பூட்டு. கனமாக இருப்பதால் மெதுவாகப் பின்வாங்கும். அதற்குள் ரவை போயிருக்கும். ஜமாக் எஃகைவிடப் பலம் குறைந்தது என்பதால் இன்னும் தடிமனாக வார்த்திருக்கிறார்கள். கைப்பிடியில் பார்த்தீர்களே, டை சேர்ந்த கோடு, அது எனக்குத் தெரிந்தது. அதை மறைக்க பாலிஷ் போடவில்லை, குரோம் பூசவில்லை, கறுப்புப் பெயிண்ட் அடித்து விட்டுவிட்டார்கள். “உடைந்தால்?” என்று கேட்டேன். “கம்பெனிக்கு அனுப்பினால் சரிசெய்து தருவார்கள். எத்தனையாவது கை மாறியது என்று கேட்கமாட்டார்கள்” என்றார் கடைக்காரர். ஆயுள் உத்தரவாதம். செகண்ட் ஹாண்டில் வாங்கியவருக்கும். என் 4,000 கைப்பிடிக்கு நான் அப்படி எழுதிக் கொடுத்திருப்பேனா? மாட்டேன். அந்த மாதம் நிச்சயமாக மாட்டேன்.

ஜமாக்கில் செய்ததா, எஃகில் செய்ததா என்பதைவிட, தன் உலோகம் எங்கே பலவீனம் என்று தெரிந்து அங்கே தடிமன் கூட்டியவன் செய்ததா, அதை மறைத்துப் பூச்சுப் போட்டவன் செய்ததா என்பதைத்தான் நான் பார்ப்பேன்.

இனி ஒரே ஒரு வழக்கு. 1994, கலிஃபோர்னியாவில் வில்லிட்ஸ் என்ற சிற்றூர். ஒரு வீட்டில் நெருப்பு வளையத்துப் பிரைகோ கம்பெனியின் .380 பிஸ்டல். குடும்பத்துக்கு வேண்டிய ஒருவர் அதிலிருந்து தோட்டாவை எடுத்துவிட நினைக்கிறார். எடுக்க வேண்டுமென்றால் ஸ்லைடைப் பின்னால் இழுக்க வேண்டும். சேஃப்டி போட்டிருந்தால் ஸ்லைடு அசையாது. ஆகவே சேஃப்டியை எடுத்தார். விரல் நழுவியது. ரவை ஏழு வயதுப் பையனின் தாடையில் பாய்ந்தது. அவன் கழுத்துக்குக் கீழே அசைவில்லாமல் போனான்.

தோட்டாவை வெளியே எடுக்கிற அந்த நேரத்தில்தான் சேஃப்டி வேண்டும். அந்த நேரத்தில் மட்டும் அது கூடாது என்று அமைப்பே சொல்கிறது. ஏன் அப்படி அமைத்தார்கள் என்பதற்கு வழக்கில் பையனின் வக்கீல் சொன்ன விளக்கம் என் தொழிலைச் சேர்ந்தது: சேஃப்டி போட்டபடி ஸ்லைடை இழுத்தால் துப்பாக்கி சிக்கிக்கொண்டது, சிக்கலைத் திருத்தாமல் இழுக்கவே முடியாதபடி மாற்றிவிட்டார்கள் என்று. முதல் வகைத் தோல்வியை மறைக்க இரண்டாவது வகையை உள்ளே வைத்தது. 2003-ல் ஜூரி, கம்பெனிப் பக்கத்தின் பங்காக ஏறத்தாழ 2 கோடியே 40 லட்சம் டாலர் என்று தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பு வந்த கையோடு கம்பெனி திவால் மனு போட்டது.

2004-ல் தொழிற்சாலை ஏலத்துக்கு வந்தது. மெஷின், டை, முழுசாக மாட்டாத ஆயிரக்கணக்கான துப்பாக்கி, எல்லாம். அந்தப் பையன், அப்போது பதினேழு வயது, சக்கர நாற்காலியில் இருந்தபடி நன்கொடை திரட்டி ஏலம் கேட்டான். வாங்கி அத்தனையையும் உருக்கிவிடப்போவதாகச் சொன்னான். 385 டிகிரி போதுமே. அவனுடைய கடைசிக் கேள்வி 5,05,000 டாலர். கம்பெனியின் பழைய ஃபோர்மேன் 5,10,000 கேட்டு எடுத்தார். தன் பெயரைக் கம்பெனிக்கு வைத்து, பிறகு நெவாடாவுக்குக் கொண்டுபோனார். அதுவும் 2020-ல் திவாலானது.

நேரமாகிவிட்டது, ஒருங்கிணைப்பாளர் கடிகாரத்தைக் காட்டுகிறார். கேள்வி இருந்தால் கேளுங்கள், சொல்கிறேன். அந்தக் கைப்பிடி இப்போது யார் கையில் இருக்கிறது? கடைசி வரிசையா? குரோம் பூச்சைச் சுரண்டுகிறீர்களே தம்பி, சுரண்டுங்கள், சுரண்டுங்கள். முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். அந்த 4,000-ல் என்னிடம் மிச்சம் இருப்பது அது ஒன்றுதான்.